வார்ப்பட மாநாடு

சென்னை விவரணப் பட சங்கத்தின் முதல் ஆண்டு மாநாடு மயிலாப்பூரில் நடந்தது. இரண்டாவதும் அங்கேதான் நடந்தது. இரண்டுக்கும் வந்தவர்கள் சங்கத்து உறுப்பினர்கள் மட்டும்தான். மேடையில் பேசியவர் இறங்கி வந்து கீழே உட்காருவார், கீழே இருந்தவர் ஏறிப் போய்ப் பேசுவார், எல்லாரும் எல்லாருக்கும் கை தட்டுவார்கள், அப்புறம் காபி. ‘தமிழில் எடுக்கப்படும் விவரணப் படங்களைத் தியேட்டர்காரர்கள் திரையிட வேண்டும்’ என்று இரண்டு தடவையும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம் ஒரு தியேட்டர்காரர் காதில்கூட விழவில்லை.

மூன்றாம் வருஷம் சங்கம் ஆட்டம் கண்டது. பாதிப் பேர் சந்தா கட்டவில்லை, மீதிப் பேர் கூட்டத்துக்கு வரவில்லை. “இந்த மாநாட்டோடு மங்களம் பாடிவிடலாம்” என்று தலைவர் பக்தவச்சலமே சொல்லிவிட்டார். பக்தவச்சலம் நல்ல மனுஷர், நன்றாகப் படித்தவர். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான் உண்டு. படத்தை ‘விவரணப் படம்’ என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எந்தப் பேரைச் சொன்னாலும் பல்லில் கல் சிக்கியது போல முகத்தைச் சுளிப்பார்.

செயலாளர் ரகுபதிக்கு மட்டும் மங்களம் பாட மனசு வரவில்லை. அவன் ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தான். கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட் மூஞ்சிகளையும் பிடித்து வயிற்றைக் கழுவினான். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்துப் பழைய கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. லீவு நாளெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு காத்திவாக்கத்துக்குப் போய், கட்டுமரம் தள்ளுகிறவர்களையும் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிற பொம்பளைகளையும் படம் பிடித்தான். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தபோது படம் முடிந்தது. பேசும் படமாக்க வசதி இல்லை. படம் ஓடும்போது மைக்கைப் பிடித்து அவனே வாயால் சொல்ல வேண்டியதுதான். அந்தப் படத்தைச் சங்கத்து ஆட்களைத் தவிர ஒரு ஈ காக்கை பார்த்ததில்லை.

காத்திவாக்கத்து ஜனங்களும் பார்த்ததில்லை. இன்னும் கேட்டால், தங்களைப் படம் பிடித்ததே அவர்களுக்குத் தெரியாது. ‘இன்னா பொட்டிபா அது?’ என்று அவர்கள் கேட்டபோது, தலைவர் சொல்லிக்கொடுத்தபடி, ‘விவரணப் படம் எடுக்கிறேன்’ என்று ரகுபதி பதில் சொன்னான். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, சர்க்கார்காரன் கழிமுகத்தை அளக்கிறான் என்று தங்களுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

வீட்டில் சிவந்திக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவளுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அவள் அண்ணன் தாமோதரன் திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஃபாக்டரியில் மேஸ்திரி. மச்சானுக்கு அங்கே ஒரு கணக்கப்பிள்ளை வேலை பேசி வைத்திருந்தான். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் கேமராவை விற்றுவிடுவது என்பது வீட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம்.

“ஞாயித்துக்கெயம உன் மாநாடு. நடத்திக்கோ. நான் குறுக்க வரல” என்றாள் சிவந்தி. “ஆனா அதுலயும் நாலு பேரு குந்திகினு கைதட்டி காபி குட்ச்சிட்டு போனாங்கன்னு வெச்சுக்க, மறுநாளு ஒயுங்கா ஃபாக்டரிக்கு போவணும். இன்னா சொல்ற?”

ரகுபதி சரி என்றான். அந்தக் கேமராவை இன்னொருவன் கையில் கொடுப்பதை நினைத்தால் அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அதனால்தான் அவன் மாநாட்டை மயிலாப்பூரிலிருந்து கிளப்பிக் காத்திவாக்கத்துக்குக் கொண்டுபோனான். கழிமுகத்துக்குப் போகிற வழியில் கிருஷ்ணப்பன் என்பவரின் டென்ட் கொட்டாய் இருந்தது. பகலில் சும்மா கிடக்கிற இடம், எடுத்துக்கோ என்று அவர் கொடுத்துவிட்டார். ஆனால் இடம் மட்டும் போதாது. தீர்மானத்தை இந்தத் தடவை ஒரு தியேட்டர்காரர் காதில் நேராகவே போட்டுவிட வேண்டும் என்று ரகுபதி மதார் சாகிப்பைத் தேடிப் போனான்.

மதார் சாகிப்புக்கு ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் கொட்டாய்கள் உண்டு. அவர் ஒரு வழிக்கு வந்தால் வடக்கே உள்ள மற்ற கொட்டாய்க்காரர்களும் பின்னால் வருவார்கள். அவர் ரகுபதியைத் தன் கொட்டாய் வாசலில் நிறுத்தி வைத்தார். உள்ளே மணி அடித்தது. விளக்கு அணைந்தது. உடனே கதவைத் தள்ளிக்கொண்டு ஆம்பளைகள் கூட்டமாக வெளியே வந்து பீடி பற்றவைத்தார்கள்.

“பாத்துக்க தம்பி. உள்ள வார் படம் ஓடுது” என்றார் சாகிப். “சர்க்காரு உத்தரவு, நான் போட்டே ஆவணும். போட்டா யாருக்கு யாவாரம்? தோ, அந்த பீடிக்கடைக்காரனுக்கு. நீ இன்னொண்ணு எட்டாந்து போடுன்ற. அவனுக்கு நான் இன்னொரு மாளிகை கட்டித் தரவா?”

வார் படம் என்பது யுத்த காலத்துப் பேர். அப்போது சர்க்கார் வேன் ஒன்று தெருத்தெருவாக வந்து, திரை கட்டி, பீரங்கியும் கப்பலும் காட்டிவிட்டுப் போகும். இங்கிலீஷில் யுத்தத்துக்கு வார் என்று பேர், அதனால் ஜனங்களுக்கு அது வார் படம். யுத்தம் முடிந்தது, பேர் முடியவில்லை. அணைக்கட்டைக் காட்டினாலும் வார் படம், அம்மை குத்துவதைக் காட்டினாலும் வார் படம். கதையும் பாட்டும் இல்லாமல் நிஜ மனுஷர்கள் வருகிற எதுவும் வட சென்னையில் வார் படம்தான்.

“பாய், என் படத்துக்கு ஜனம் எழுந்து போகாது” என்றான் ரகுபதி. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. “நீங்க வந்து பாருங்க. எழுந்து போனாங்கன்னா நான் உங்க வாசப்படி மிதிக்கல.”

மதார் சாகிப் அவனை மேலும் கீழும் பார்த்தார். “வர்றேன். ஜனம் கடைசி வரைக்கும் குந்திகினு கீதா, என் கொட்டாய்ல எடம் தர்றேன். இனாமா வாணாம், படத்துக்கு வாடகை தர்றேன். பீடிக்கு எய்ந்து போச்சா, அத்தோட வுட்டுடு. எனக்கும் பேஜாரு, உனக்கும் பேஜாரு.”

ஆக, சங்கம், கேமரா, திங்கட்கிழமை எல்லாம் சேர்ந்து காத்திவாக்கத்து ஜனங்களின் பொறுமையில் வந்து நின்றன. அந்த ஜனங்களுக்கோ இந்த விஷயமே தெரியாது.

மாநாட்டுக்கு ஒரு போர்டு எழுதி வைக்க வேண்டுமே. போர்டு எழுதுகிறவர் விவரம் கேட்டு வீட்டுக்கு வந்தபோது ரகுபதி இல்லை, சிவந்திதான் இருந்தாள். இன்னா மாநாடு என்று அவர் கேட்டார். விவரணப் பட மாநாடு என்று அவளும் ஒழுங்காகத்தான் சொன்னாள். அப்படி என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். விவரணம் என்ற வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டு அவளும் எத்தனை நேரம்தான் தவிப்பாள்? “அட, அதான்யா, வார் படம்!” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

போர்டு எழுதுகிறவர் இலக்கணம் தெரிந்தவர். ஒற்று மிகும் இடம் மிகாத இடம் எல்லாம் அத்துப்படி. வார், படம் இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு ‘ப்’ போட்டு, கறுப்புத் தகரத்தில் சுண்ணாம்பால் அழகாக எழுதினார்: ‘வார்ப்பட மாநாடு. அனைவரும் வருக.’ கொண்டுபோய்க் காத்திவாக்கம் போகிற பாதையில் நட்டும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் சிவந்தியை உட்காரவைத்துக்கொண்டு வந்த ரகுபதி, போர்டைப் பார்த்து சைக்கிளிலிருந்து விழாத குறை. “யாரு இப்டி எழுதச் சொன்னது?”

“நான்தான். இன்னா தப்பு? எல்லாரும் அப்டிதானே சொல்றாங்க?”

“அடியே, வார்ப்படம்னா இரும்பை உருக்கி அச்சுல ஊத்துற தொழில்டி!”

சிவந்தி போர்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் முகம் இருந்த இருப்பில் சிரிக்கவும் பயமாக இருந்தது. “சாகிப்பு தமிழ் படிக்க மாட்டாரு, வா” என்று மட்டும் சொன்னாள்.

சாகிப் படிக்காவிட்டால் என்ன, படிக்கிறவர்கள் படித்துவிட்டார்கள். டென்ட் கொட்டாய் வாசலில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் சிவப்புத் துண்டோடு ஒரு கூட்டம் நின்றது. திருவொற்றியூர்ப் பக்கத்து வார்ப்படப் பட்டறைத் தொழிலாளிகள். அவர்களுக்குத் தலைவர் ஜெயவேல், நல்ல ஆகிருதியான ஆள், நெருப்புக்குப் பக்கத்திலேயே நின்று நின்று முகம் செம்பு நிறமாகிவிட்டவர். கையில் ஒரு ரோஜா மாலை வேறு.

“எங்களுக்குன்னு ஒரு மாநாடு போட்டீங்களே, நைனா! இதுவரைக்கும் ஒருத்தன் போட்டதில்ல” என்று மாலையை ரகுபதி கழுத்தில் போட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல ரகுபதிக்கு வாய் வரவில்லை. முதல் வரிசையில் அவர்களை உட்காரவைத்தான்.

குப்பத்து ஆட்களோ, வார் படம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஊர்க் கட்டுப்பாட்டால் அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. வேலை இல்லாத ஆம்பளைகள் சிலர் நிழலுக்காக வந்து மணலில் சாய்ந்தார்கள். ‘வெள்ளக்காரன் சண்டைய நாங்க ஏன் பாக்கணும்’ என்று பொம்பளைகள் வரவே இல்லை. கொட்டாயில் வேர்க்கடலை விற்கிற பூவம்மா மட்டும் கூடையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாதி டென்ட் காலி.

மதார் சாகிப் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் தெரிகிறபடி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்க்க அவர் வரவில்லை. வாசலைப் பார்க்க வந்திருந்தார்.

பக்தவச்சலம் வரவேற்புரை ஆற்றினார். விவரணம் என்ற சொல்லின் பொருள், அதன் பெருமை, மேல்நாடுகளில் அதற்குள்ள மரியாதை எல்லாவற்றையும் விளக்கினார். முடிவில் ஜெயவேல் எழுந்து, கூலி உயர்வு பற்றி எப்போது பேசுவீர்கள் என்று பணிவாகக் கேட்டார். பக்தவச்சலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “அது பின்னால் வரும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துத் தட்டிகளை இறக்கிக் கட்டினார்கள். டென்ட் இருண்டது. ரகுபதி மைக்கைப் பிடித்தான்.

முதலில் கடல் வந்தது. அப்புறம் கட்டுமரத்தைத் தள்ளுகிற முதுகுகள். ஆம்பளைகள் சாய்ந்தபடியே பார்த்தார்கள். ஒருவன் பீடியை எடுத்து உருட்டினான். அதற்குள் கழிமுகம் வந்தது. தண்ணீருக்குள் ஒரு பொம்பளை நின்றாள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். கை மேலே வந்தது, இறாலைப் பறிக்குள் போட்டது, மறுபடி உள்ளே போனது. அவள் முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தாள்.

“அய்யய்ய! கெங்கம்மாக்கா!” என்று மூலையிலிருந்து பூவம்மா அலறினாள். “யக்காவ்! நம்ம கெங்கம்மாக்காடா!”

சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பூவம்மா கூடையை அங்கேயே போட்டுவிட்டு, சேலையை வாரிச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் நாலு பேர். “டேய், இன்னாடா, மொதல்ல வந்தது நம்ம மரம்டா!” என்று யாரோ கத்தினான். அதோடு சரி. வந்திருந்த குப்பத்துக் கூட்டம் மொத்தமும் மடமடவென்று எழுந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டது.

ரகுபதியின் வாய் மைக்கில் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. “இது காத்திவாக்கம் கழிமுகம். இறால் பிடிக்கும் பெண்கள்...” என்று சொல்லும்போதே எதிரே வெறும் மணலும் வேர்க்கடலைக் கூடையும் தெரிந்தன. தீப்பெட்டி ஃபாக்டரியின் சங்கு காதில் ஊதுவது போலிருந்தது.

மதார் சாகிப் வாசலிலிருந்து திரும்பினார். குத்திக் காட்டுகிற மனுஷர் இல்லை அவர். முகத்தில் வருத்தம்தான் தெரிந்தது. “வுடு தம்பி. பீடிக்குக் கூட இவ்ளோ ஜல்தியா யாரும் ஓடி நான் பாத்ததில்ல” என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பக்தவச்சலம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

ரகுபதி மைக்கைக் கீழே வைக்கப் போனான். முன்வரிசையிலிருந்து ஜெயவேலின் குரல் வந்தது.

“நீ ஏன் நிறுத்துற நைனா? நாங்க குந்திகினு கீறோமே. கண்ணுக்குத் தெர்லியா?”

அப்போதுதான் அவன் பார்த்தான். சிவப்புத் துண்டுக்காரர்கள் ஒருவர்கூட அசையவில்லை. தங்களுக்கென்று போட்ட மாநாட்டில் பாதியில் எழுந்து போவார்களா என்ன? எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, கழிமுகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரகுபதி மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனான். விட்ட இடத்திலிருந்து பேசினான்.

வாசலில் நின்றிருந்த சிவந்தி, புறப்பட்ட சாகிப்பின் வழியை மறித்தாள். “பாய், ஒரு நிமிஷம் இருங்க. ஒருத்தன்கூட பீடி பத்தவெக்கல. எல்லாம் வூட்டப் பாத்து ஓடுது.”

சாகிப் எட்டிப் பார்த்தார். உண்மைதான். பீடி குடிக்கப் போன ஜனம் வாசலில் அல்லவா நிற்கும்? இது மணலில் கால் புதையப் புதையக் குப்பத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. குடிசைக்குக் குடிசை கூச்சல் கேட்டது. “எம்மாவ், கெங்கம்மாக்கா திரையில கீது, வா!” “இன்னாது, உங்க நைனா கீறாருடி, செத்துப்போன உங்க நைனா, அப்டியே மரத்த தள்ளிகினு கீறாரு!” “ஏய், அடுப்ப அணைச்சிட்டு வாமே!”

ஓடினவர்கள் தனியாகத் திரும்பவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒருவர். கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் உண்டு. மாவுக் கையோடு வந்தவளும் உண்டு. கெங்கம்மாவைப் பூவம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “என் மூஞ்சிய நானே பாக்கணுமாடி? கலீஜா கீறேன், வுடுடி” என்று கெங்கம்மா திமிறிக்கொண்டே வந்தாள். டென்ட் நிறைந்தது. நிறைந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

“முதல்லேந்து போடு!” என்று ஒரே சத்தம். கிருஷ்ணப்பன் ரீலை முதலிலிருந்து ஓட்டினார்.

இப்போது வேறொரு தொல்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் பக்கத்துத் தட்டிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். தூக்கின இடமெல்லாம் வெயில் பாய்ந்து, திரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. உள்ளே இருப்பவர்கள் திட்டினார்கள். வெளியே இருப்பவர்கள் பதிலுக்குத் திட்டினார்கள். கைகலப்பு வரும்போல் இருந்தது. அப்போது யாரோ, “பாயை எட்டாங்கடா!” என்று குரல் கொடுத்தான். கட்டுமரத்துப் பாய்கள். காய்ச்சின பட்டைச் சாற்றில் முக்கி முக்கிக் கருத்துப்போன முரட்டுப் பாய்கள். கரையிலிருந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, டென்ட்டின் இரண்டு பக்கமும் தாழ்வாரம் போல விரித்து, கழிகளால் தாங்கி, கழி பற்றாத இடத்தில் ஆம்பளைகளே கையால் தூக்கிப் பிடித்து நின்றார்கள். வெயில் அடங்கியது. தட்டிகளைக் கழற்றிப் போட்டார்கள். பாய்க்கு அடியில் நின்றவர்களுக்கும் படம் தெரிந்தது.

மதார் சாகிப் நாற்காலியைத் திரையைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ரகுபதி பேச வேண்டியிருக்கவில்லை. ஜனங்களே பேசினார்கள். யார் மரம், யார் மாமன், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் கூச்சலாகவே நடந்தது. சென்ற வருஷம் காய்ச்சலில் போய்விட்ட ஒரு மனுஷர், மரத்தைத் தோளால் முட்டித் தள்ளிவிட்டுத் திரும்பிச் சிரித்தபோது, கூச்சல் அப்படியே நின்றது. அவருடைய மகள் சத்தமில்லாமல் அழுதாள். பக்கத்திலிருந்தவள் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அவர் மறைந்து அடுத்த காட்சி வந்ததும் அந்தப் பெண், “இன்னொரு தபா காட்டுவாங்களா?” என்று கேட்டது ரகுபதிக்குக் கேட்டது.

கழிமுகம் வந்தது. கெங்கம்மா திமிறுவதை நிறுத்திவிட்டாள். திரையில் இருப்பவள் தண்ணீருக்குள் துழாவுவதை, பறியைக் கடித்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்துவதை, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இவ்ளோ வேல செய்றனாடி?” என்று கடைசியில் பூவம்மாவைக் கேட்டாள். “பாக்கச் சொல்லவே இடுப்பு வலிக்குதே!”

டென்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ரகுபதி சிவந்தியைத் தேடினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் படத்தை அவள் முழுசாகப் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இன்று பாயைத் தாங்கிப் பிடித்த ஒரு கழியை அவளும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். கடைசிக் காட்சி வரை கழியை விடவில்லை.

படம் முடிந்தது. மறுபடி போடச் சொன்னார்கள். போட்டார்கள். அப்புறம்தான் மதார் சாகிப் பேச எழுந்தார். தீர்மானம் முன்மொழிகிறவர் போல அவரே மைக்கை வாங்கிக்கொண்டார்.

“ஜனம் எய்ந்து போனா இடம் தர மாட்டேன்னு சொன்னேன். எய்ந்து போச்சு. ஆனா ஆளுக்கு ரெண்டு பேரக் கூட்டிகினு திரும்பி வந்துச்சு. இப்டி எய்ந்து போற ஜனம் எனக்கு தெனமும் வேணும்.” சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார். “ஒரு படம் எனக்குப் பத்தாது. வாரா வாரம் ஒண்ணு தரணும். இந்த ஊரு, ராயபுரம், மூலக்கொத்தளம், வியாசர்பாடி, எல்லாம் வரணும். வாரம் தவறக் கூடாது. முடியுமா?”

சங்கத்து உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் உப்பளத்தைப் பற்றி எடுத்து வைத்திருந்தார். ஒருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களை எடுத்திருந்தார். ஒருவர் புளியந்தோப்பில் எடுத்ததைப் பாதியில் நிறுத்தியிருந்தார். எல்லாம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. ‘முடியும்’ என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சங்கத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாகத் தீர்மானத்துக்கு முன்னால் கை தட்டல் வந்தது. சந்தா கட்டாதவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

ஜெயவேல் மெதுவாக எழுந்து ரகுபதியிடம் வந்தார். “நைனா, இது எங்க மாநாடு இல்லன்னு நீங்க மொதல்ல ‘கடல்’னு சொல்லச் சொல்லவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“அப்புறம் ஏன் உட்கார்ந்திருந்தீங்க?”

“மாலய போட்ட பிறகு எய்ந்து போனா மருவாத கெடயாது” என்றார் ஜெயவேல். அப்புறம், கொஞ்சம் தயங்கி, “போர்டுல எயுதினது எயுதினதுதான? எங்க பட்டறைய எப்ப புடிக்கப் போறீங்க?” என்று கேட்டார்.

ரகுபதி கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான்.

திரும்புகிற வழியில் எல்லாரும் அந்தப் போர்டுக்கு முன்னால் நின்றார்கள். பக்தவச்சலம் அப்போதுதான் அதைப் படித்தார். வார்ப்பட மாநாடு. வழக்கம் போல முகத்தைச் சுளிப்பார் என்று ரகுபதி எதிர்பார்த்தான். அவர் வெகு நேரம் அந்த எழுத்துகளையே பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, தண்ணீர்க் கூஜாவில் நனைத்து, ‘ர்’ தலைமேல் இருந்த புள்ளியை மட்டும் துடைத்துவிட்டார்.

வாரப்பட மாநாடு. வாரா வாரம் வருகிற படத்துக்கு மாநாடு.

“இது நல்ல தமிழ்தான்” என்றார் தலைவர். சிவந்தி இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை.

மறுநாள் காலை தாமோதரன் சலவை வேட்டியோடு வந்து வாசலில் சைக்கிள் மணி அடித்தான். மச்சானை அழைத்துப் போக வந்திருந்தான். “சிவந்தி! மச்சான் எங்க? கெளம்பிட்டாரா?”

“ஃபாக்டரிக்குத்தான் கெளம்பிகினு கீறாரு” என்றாள் சிவந்தி.

“அப்பாடா! இப்பதான் புத்தி வந்திச்சு” என்று தாமோதரன் சொல்லி வாய் மூடவில்லை. ரகுபதி கேமராப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். தாமோதரன் தங்கையைப் பார்த்தான்.

“இன்னாமே இது? தீக்குச்சி ஃபாக்டரிக்கு கேமரா எதுக்கு?”

“அது வேற ஃபாக்டரிண்ணா. இரும்பு ஊத்துறது.” சிவந்தி புருஷனின் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள். “உங்க கணக்கப்புள்ள வேலைல வாரத்துக்கு ஒரு நாளு லீவு தருவாங்கன்ன இல்ல? இவரு வேலைல வாரம் ஒண்ணு தரணும். லீவு கெடயாது. நீ வேணா உக்காந்து காபி குட்ச்சிட்டுப் போ.”

தாமோதரன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து காபியைக் குடித்தான். ரகுபதி சைக்கிளை மிதித்துத் திருவொற்றியூர் ரோட்டுக்குத் திரும்பினான். வழியில் தீப்பெட்டி ஃபாக்டரியின் சங்கு ஊதியது. அவன் நிற்காமல் போனான்.